பெரிய கொசு

ஐப்பசி மழை இரண்டு நாள்களாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வைகையின் தென்கரைத் தெருக்களில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மாலைச் செபம் முடித்து நாற்காலியில் அமர்ந்திருந்த வேளையில், உள்ளறையிலிருந்து பேத்தியின் அலறல் கேட்டது.

"தாத்தா, டெங்குக் கொசு! எவ்வளவு பெருசு பாருங்க!"

எழுந்து சென்று பார்த்தேன். குழல்விளக்கின் அருகே, சுண்ணாம்புச் சுவரில், மெலிந்து நீண்ட உடலோடு ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு கால்களையும் அது பரப்பியிருந்த பரப்பு என் உள்ளங்கை அளவு இருந்தது. பேத்தியின் கையில் கொசு பேட் தயாராக இருந்தது. பள்ளியில் டெங்குக் காய்ச்சல் பற்றி ஆசிரியை எச்சரித்திருக்கிறார். அதே வாரத்தில் மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து மாடித் தொட்டியில் மருந்து ஊற்றிச் சென்றிருந்தார்கள். குழந்தையின் அச்சத்தில் குற்றம் காண முடியாது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓர் அரிசி மணிக்கு மேல் வளராது; கருநிற உடலில் வெண்ணிற வரிகள் உடையது; பகலில் கடிப்பது. அது அந்நேரம் எங்கள் கொல்லைப்புறத்துத் தேங்காய்ச் சிரட்டை நீரில் நிம்மதியாகப் பெருகிக்கொண்டிருந்திருக்கக்கூடும்.

நான் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "அது கொசு இல்லையம்மா" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் என் நா உலர்ந்தது. இதே சொற்களை ஒரு சிறுவன் என்னிடம் சொல்லி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று நான் அதை ஏற்கவில்லை.

1987ஆம் ஆண்டு. நான் உயிரியல் ஆசிரியராக இருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பூச்சிகள் சேகரித்து, அட்டைப் பெட்டியில் குத்திக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். வண்ணத்துப்பூச்சி, தும்பி, வெட்டுக்கிளி, பொன்வண்டு, கரப்பான் என்று ஆண்டுதோறும் அதே பத்துத்தான் வரும். நானும் பெட்டியைத் திறந்து பாராமலே மதிப்பெண் போடும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவன் அவ்வாண்டு பத்தாவது பூச்சியாக, நீண்ட கால்களையுடைய ஒன்றைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தான். ஊசியால் குத்தினால் கால்கள் உதிர்ந்துவிடுகின்றன என்று காரணம் சொன்னான். தீப்பெட்டியின் மேல் ஒரு சிறு தாளை ஒட்டி, 'பெரியாற்றுக் கால்வாய்க் கரை, மாலை, 14.11.87' என்று எழுதி, கீழே 'கொசு அல்ல' என்றும் எழுதியிருந்தான்.

நான் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. "இது கொசு இல்லாம கொக்காடா?" என்று கேட்டேன். (ஆங்கிலத்தில் இப்பூச்சிக்கு உள்ள பெயரே கொக்கு ஈ என்ற பொருள் உடையது என்பதை அன்று நான் அறியேன்.)

"கடிக்கலை சார். ரெண்டு சாயங்காலம் கையில விட்டுப் பார்த்தேன்."

"ஆண் கொசு கடிக்காது. போன வாரம்தானே பாடம் நடத்தினேன்?"

அவன் சற்றுத் தயங்கிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஆண் கொசுவுக்கு மீசை இறகு மாதிரி இருக்கும்னு நீங்கதான் சார் சொன்னீங்க. இதுக்கு வெறும் நூல் மாதிரிதான் இருக்கு. ஊசியும் இல்லை."

அவன் சொன்னது முற்றிலும் சரி. நான் கற்பித்ததைக் கொண்டே என்னை மறுத்திருந்தான். கைலென்ஸ் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. திரும்பி எடுக்க மூன்று நொடி ஆகியிருக்கும். நாற்பத்தைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்பு மையால் 'கொசு அல்ல' என்பதில் 'அல்ல'வை அடித்துவிட்டு, 'ஆண்' என்று முன்னால் சேர்த்து, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகு அவன் எதையும் கொண்டுவரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு வீட்டுச் சூழல்தான் காரணம் என்றார்கள். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

2006இல் ஓய்வு பெற்றேன். மூன்றாண்டுகள் கழித்து, மதுரையிலுள்ள ஒரு கல்லூரி நூலகத்தில், வேறெதையோ தேடப்போய் ஒரு தடித்த பழைய நூல் கையில் அகப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்களைப் பற்றிய வரிசையில் 1912இல் வெளிவந்த தொகுதி அது. எழுதியவர் என்ரிக்கோ புருனெட்டி. இவர் தொழிலால் இசைக் கலைஞர். கல்கத்தாவில் வாழ்ந்து, இந்தியாவின் இருசிறகுப் பூச்சிகளை ஆராய்ந்தவர். கொசுக்களை விலக்கிவிட்டு, அவற்றை ஒத்த ஏனைய மென்பூச்சிகளை அந்நூலில் வகைப்படுத்தியிருந்தார். சிறகுகளின் படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது, தீப்பெட்டிக்குள் பஞ்சின்மேல் கிடந்த அந்தச் சிறகு கண்முன் வந்து நின்றது. நூலை மூடிவிட்டேன். மறுநாள் மீண்டும் சென்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் கைலென்ஸோடு நானே தேடத் தொடங்கினேன். அழகர்மலையின் ஓடைச் சரிவுகளில், ஈரப் பாறைகளின் நிழலில் இவை கூட்டமாக இருக்கக் கண்டேன். சில, சிலந்தி நூலைப் பற்றித் தொங்கியபடி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. சமவெளியில், சோழவந்தான் பக்கத்து வயல் வரப்புகளில், நடவு முடிந்த நாள்களில் ஒன்றிரண்டு அகப்படும். கோடையில் ஒன்றும் கிடைக்காது.

முதலில் நோக்க வேண்டியது முதுகு. கொக்கு ஈயின் நெஞ்சுப் பகுதியின் மேல், ஆங்கில எழுத்தான 'வி' வடிவில் ஒரு கோடு பள்ளமாக ஓடுகிறது. நடு நெஞ்சின் முன்தகடும் பின்தகடும் சேருமிடத்துப் பொருத்து அது. இக்கோடு ஒன்றே கொக்கு ஈயை ஏனைய மென்பூச்சிகளிலிருந்து பிரிக்கப் பெரிதும் போதுமானது. கொசுவின் முதுகில் இது கிடையாது. வெறுங்கண்ணுக்கே தெரியும். அன்று நான் தீப்பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்திருந்தாலே கண்டிருப்பேன்.

அடுத்துத் தலை. இரு பெரிய கூட்டுக்கண்கள் உண்டு. பல பூச்சிகளின் உச்சந்தலையில் காணப்படும் மூன்று எளிய கண்கள் இல்லை. பெரிய இனங்களில் தலையின் முன்பகுதி ஒரு சிறு மூக்குப்போல நீண்டிருக்கிறது. அதன் நுனியில் உள்ள வாய் மென்மையானது. தோலைத் துளைக்க அதில் ஊசி எதுவும் இல்லை. வளர்ந்த பூச்சி சில நாள்களே வாழ்கிறது; அந்நாள்களில் சிறிது நீரோ பூந்தேனோ அருந்தும், பலவும் உண்பதே இல்லை. பெண் பூச்சியின் வயிற்று நுனி மட்டும் கூர்மையாகக் கொடுக்குப்போல இருக்கும். அதைக் கண்டு அஞ்சுபவர் பலர். அது ஈரமண்ணில் முட்டையைச் செருகுவதற்கான உறுப்பு. ஆணின் வயிற்று நுனியோ தடித்து மழுங்கியிருக்கும்.

சிறகுகள் இரண்டே. பின்சிறகுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், நுனி உருண்ட இரு காம்புகள் நிற்கின்றன. ஹால்டியர் எனப்படும் இவை எல்லா ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் உண்டு. கொக்கு ஈயிடம்போல இத்தனை நீளமாகவும் தெளிவாகவும் பெரும்பாலானவற்றில் காண முடியாது. சிறகு மேலெழும்போது இவை தாழ்கின்றன. சிறகு தாழ்கையில் இவை எழுகின்றன. உடல் திரும்பினால் இவற்றின் அடிப்பகுதியிலுள்ள உணர்விகள் அந்த மாற்றத்தை அறிந்து தெரிவிக்க, பூச்சி தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது. இயற்பியல் கூடத்துச் சுழலாழியைப் போன்று இவை செயல்படுவதை 1948இல் பிரிங்கிள் என்ற ஆங்கிலேய அறிஞர் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பாடநூலில் ஹால்டியரின் படத்தை இருபது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஓர் உயிருள்ள பூச்சியில் அதைக் கண்டது ஓய்வு பெற்ற பிறகுதான்.

சிறகின் நரம்புகளில் கொசுவுக்கு உள்ளதுபோன்ற செதில்கள் இல்லை. விளிம்புவரை சென்று முட்டும் பின்நரம்புகள் கொக்கு ஈக்கு இரண்டு, கொசுவுக்கு ஒன்றே.

கால்களைப் பற்றி மாணவன் சொன்னதும் உண்மையே. உடலை ஒட்டிய சிறு கணுவுக்கும் தொடைக்கும் இடையில் ஓர் எளிதில் முறியும் இடம் இருக்கிறது. பல்லியோ குருவியோ காலைப் பற்றினால், பூச்சி அதை விட்டுவிட்டுப் பறந்துவிடும். பல்லி வாலைப் போல மீண்டும் வளர்வது கிடையாது. நான்கு கால்களோடும் மூன்று கால்களோடும் திரிபவற்றைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

புழுப் பருவம்தான் நீண்டது. கிணற்றடியில் அழுகிக் கிடந்த ஒரு தென்னந்துண்டைப் பெயர்த்தபோது, மண்நிறத்தில், தோல் தடித்த புழுக்கள் சில கிடந்தன. ஒன்றின் முகத்தை லென்ஸில் பார்த்தேன். இரு கரிய கண்களும் சுற்றிலும் கொம்புகளுமாக ஒரு பூதத்தின் முகம்! சற்று நேரம் கழித்தே, நான் பார்த்தது அதன் பின்புறம் என்று விளங்கிற்று. கண்கள் என்று நான் எண்ணியவை மூச்சுத் துளைகள். கொம்புகள் அவற்றைச் சூழ்ந்த சதைமடல்கள். உண்மைத் தலை மறுமுனையில் நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. இப்புழுக்களில் பெரும்பாலானவை அழுகிய இலையையும் மரத்தையும் தின்று மண்ணாக்குபவை; மீனுக்கும் தவளைக்கும் பறவைக்கும் இரையாகுபவை. ஐரோப்பாவில் புல்வெளிகளின் வேரைத் தின்னும் இனம் ஒன்றுண்டு. அதனால் அங்கே இவற்றுக்குக் கெட்ட பெயர்.

இனி வகைப்பாடு. 1758இல் லின்னேயஸ் கொசுவுக்குக் கியூலெக்ஸ் என்றும், கொக்கு ஈக்குத் திப்புலா என்றும் பெயரிட்டார். திப்புலா என்பது நீரின்மேல் ஓடும் பூச்சிக்கு இலத்தீனில் வழங்கிய பெயர். லின்னேயஸும் சில கடியாத சிறு மென்பூச்சிகளைத் திப்புலாவுக்குள்ளேயே போட்டு வைத்தார். பின்வந்தவர்கள் அவற்றை வெளியே எடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஓர் அற்ப ஆறுதல் ஏற்பட்டதை மறைப்பானேன்? ஆனால் அவர் பார்த்துவிட்டுத் தவறினார். நான் பார்க்கவே இல்லை.

நெடுங்காலம் இவையனைத்தும் திப்புலிடே என்ற ஒரே குடும்பமாக இருந்தன. 1992இல் செக் நாட்டு அறிஞர் ஸ்டாரி இவற்றை நான்கு குடும்பங்களாகக் கொள்ளும் முறையை வலியுறுத்தினார். பெரிய உடலும், வாயருகே தொங்கும் உணர்விரல்களில் கடைசிக் கணு சாட்டைபோல நீண்டதுமானவை திப்புலிடே. இவற்றில் 4,000க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கடைசிக் கணு குறுகியவை லிமோனிடே, 10,000க்கும் மிகுதி. கூட்டுக்கண்ணின் முகப்புகளுக்கிடையே நுண்மயிர் உடையவை பெடிசிடே, ஏறக்குறைய 500. நான்காவதான சிலிண்ட்ரோடோமிடே 70 அளவில் அடங்கும் சிறு குடும்பம். இவற்றின் புழுக்கள் பாசியையும் பச்சை இலையையும் தின்று, தாமும் பாசித்துணுக்குப்போலத் தோற்றமளிப்பவை. 2010இல் உடலமைப்போடு மரபணுச் சான்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், லிமோனிடே ஒரே கிளையாக நிற்கவில்லை என்று கண்டு, பெடிசிடே, திப்புலிடே என்ற இரண்டே குடும்பங்கள் போதும் என்றார்கள். விவாதம் தொடர்கிறது. வகைப்பாடு என்பதை மனப்பாடம் செய்யவேண்டிய ஏணிப்படி என்றே நான் என் மாணவர்களுக்குக் கற்பித்து வந்தேன். அது இன்னும் அடித்தல் திருத்தலோடு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் குறிப்பேடு என்று சொல்லியிருந்தால், பின்வரிசையில் சிலராவது விழித்திருப்பார்கள்.

இந்தப் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களில் 11,000க்கு மேற்பட்டவற்றை விவரித்துப் பெயரிட்டவர் ஒரே மனிதர் என்பது நம்புதற்கரியது. அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் நகரில் வாழ்ந்த சார்லஸ் பால் அலெக்சாண்டர் (1889–1981) எழுபது ஆண்டுகள் இதையே செய்தார். மனைவி மேபெல் உடனிருந்து துணை செய்தார். சராசரியாக ஆண்டுக்கு நூற்றைம்பது இனங்கள்! அவருக்குத் தென்னிந்தியப் பூச்சிகள் எப்படிக் கிடைத்தன என்று தேடியபோது, ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: பி. சூசை நாதன்.

புனித வளனாரின் பெயரை நம் முன்னோர் வழங்கிய விதத்தில் 'சூசை' என்று அயல்நாட்டு ஆராய்ச்சித் தாள்களில் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்தவர் அவர். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலும் அதன் பின்னரும், கோவையிலும் நீலகிரியிலும் ஆனைமலையின் சின்கோனாத் தோட்டப் பகுதியிலும் பூச்சிகளைப் பிடித்து உலகெங்குமுள்ள அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். அலெக்சாண்டர் விவரித்த தென்னிந்தியக் கொக்கு ஈக்களில் பல அவர் வலையில் அகப்பட்டவை. ஈ, குளவி, வண்டு என்று பல்வேறு இனங்களின் அறிவியற் பெயரின் பின்பாதியில் 'நாதனி' என்று அவர் பெயர் நிற்கிறது. ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சியின் கீழும் சிறு தாள்: இடம், உயரம், நாள், பிடித்தவர். இந்த நான்கும் இல்லையேல் பூச்சி வெறும் தூசிதான். குரும்பகரம் என்ற சிற்றூரின் பெயர் இன்றும் கடல்கடந்த நகரங்களின் இழுப்பறைகளில் இருப்பது அந்தத் தாள்களால்தான்.

நம் பகுதிக்கும் இது புதிதன்று. பெரியாற்று நீர் மலையைக் குடைந்து மதுரைச் சமவெளிக்கு வந்த 1895ஆம் ஆண்டில்தான் செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கிருந்து ஐரோப்பிய அறிஞர்களுக்குச் சென்ற பூச்சிகளில் 'செண்பகனூர், மதுரை' என்ற குறிப்பு உண்டு. கோடைமலை அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960இல், பன்னிரண்டு வயதில், பங்கிலிருந்து அழைத்துச் சென்றபோது அந்த அருங்காட்சியகத்தைக் கண்டேன். பாம்பு அடைத்த குப்பிகள்தான் எங்களைக் கவர்ந்தன. பூச்சிகளின் கீழிருந்த தாள்களை நான் படிக்கவில்லை.

தாளில் இடமும் நாளும் குறிக்க வேண்டும் என்று நான் என் மாணவர்களுக்கு ஒருநாளும் கற்பித்ததில்லை. அந்தச் சிறுவன் தானாகவே எழுதியிருந்தான்.

இவையெல்லாம் 2009, 2010ஆம் ஆண்டுகளிலேயே எனக்குத் தெரியும். மேலூர் மதுரையிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். அவன் இருக்குமிடத்தைப் பழைய மாணவர் ஒருவர் வழியாக அறிந்தும் இருந்தேன். ஆயினும் போகவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பூச்சிக்காகவா என்று என்னை நானே கேலி செய்து தப்பித்துக்கொண்டேன். பேத்தியின் கையைப் பற்றிய அந்த இரவில் அந்தக் கேலி எடுபடவில்லை. மறுவாரம் பேருந்து ஏறினேன்.

அவனுக்கு ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை உற்று நோக்கினான். அடையாளம் கண்டதும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, தேநீருக்குச் சொல்லி அனுப்பினான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தீப்பெட்டி, தாள், சிவப்பு மை எல்லாவற்றையும். தவறு என்னுடையது என்றேன். அன்றே லென்ஸை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றேன்.

செப்புக் கம்பியின் நுனியை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"பூச்சி ஞாபகம் இல்லை சார். நிறையப் பிடிச்சிருக்கேன். எல்லாரும் சிரிச்சது ஞாபகம் இருக்கு" என்றான். குரலில் கோபம் இல்லை. பிறகு, "அப்ப அதுக்கு என்னதான் சார் பேரு?" என்று கேட்டான்.

கொக்கு ஈ என்றேன். குடும்பத்தைச் சொன்னேன். சிற்றினத்தைச் சொல்ல முடியாது என்றேன். ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள கவ்வுறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தை உறுதி செய்வார்கள். அந்தப் பூச்சியோ ஆண்டிறுதியில் மற்றப் பெட்டிகளோடு குப்பைக்குப் போய்விட்டது.

அவன் தலையசைத்தான். பொழுது சாய்ந்துவிட்டது. சாலைக்கு அப்பால் கால்வாயில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கடையின் குழல்விளக்கை நாடி ஈசல்களும் சிறு வண்டுகளும் வரத் தொடங்கின. அவற்றோடு கால் நீண்ட ஒன்றும் வந்து, மோட்டார் உறையின்மேல் அமர்ந்தது. நான் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தான். "முதுகுல பள்ளமா ஒரு கோடு போகுது சார்" என்றான். நான் அதைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

லென்ஸைத் திருப்பித் தந்தான். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன். பேருந்துக்கு நேரமாயிற்று என்று நான் எழுந்தபோது, அவன் சுவரருகே சென்று கடை விளக்கை அணைத்தான். அது வெளியே போகட்டும் என்று இருவரும் இருட்டில் சற்று நேரம் நின்றோம்.